மூன்றா, மூண்டா: திருகோணமலையிலிருந்து ஓர் உளமொழியியல் கலாநிதி ஆய்வு

இங்கே நான் சொல்லப்போகும் நிகழ்வுக்கு உரியவர் திருகோணமலை நகரில் ஆரம்பப் பிரிவில் கற்பிக்கும் ஓர் ஆசிரியை. தமிழில் சிறப்புப் பட்டமும் மொழியியலில் முதுகலைப் பட்டமும் பெற்றவர். முப்பதுகளின் நடுவில், மனம் மொழியை எப்படிக் கையாள்கிறது என்று ஆராயும் உளமொழியியலில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடு என்னிடம் ஆலோசனைக்கு வந்தார். அவருடைய விருப்பப்படி பெயரையும் பாடசாலையையும் தவிர்க்கிறேன்.

கிழக்கிலிருந்து இத்துறைக்குள் வர விரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஆய்வுகூடம் இல்லாததையே முதல் தடையாகச் சொல்கிறார்கள். கண்ணசைவைப் பதியும் கருவி இல்லை, மூளையலையை அளக்கும் வசதி இல்லை, ஆகவே கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகாமல் எதுவும் நடக்காது என்பது அவர்களின் முடிவு. இந்த ஆசிரியையின் வழியில் குறுக்கே நின்றது கருவி அன்று, சொற்பட்டியல். இலங்கைத் தமிழ்ப் பிள்ளைக்குப் பொருந்தும், நம்பிச் சோதனைக்கு எடுக்கக்கூடிய சொற்பட்டியல் ஒன்று அவருக்குக் கிடைக்கவில்லை. அதைத் தாமே உருவாக்க உட்கார்ந்தபோதுதான் அவருடைய ஆய்வு பிறந்தது. நடந்ததை இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு அதுவே காரணம்.

கொண்டுவந்த தலைப்பும் எடுத்த கேள்வியும்

அவர் கொண்டுவந்த தலைப்பு ‘இருமொழியாளரின் மனத்தில் மொழி’. அது ஒரு துறையின் பெயராகலாம், ஆய்வுக் கேள்வியாகாது. மனிதர் ஒரு சொல்லைக் கேட்டோ கண்டோ பொருள் கொள்வதும், சொல்ல நினைத்ததை வாக்கியமாக்கி வாய்க்குக் கொண்டுவருவதும் மிகக் குறுகிய நேரத்துக்குள் நடந்து முடிகின்றன. அந்த இடைவெளிக்குள் என்ன நடக்கிறது என்று சோதனை வழியாக ஊகிப்பதே உளமொழியியல். இத்துறையில் நிலைத்து நின்ற ஆய்வுகளின் கேள்விகள் எல்லாம் சிறியவை. 1971இல் உளவியலாளர்களான மேயரும் ஷ்வானவெல்ட்டும் கேட்டது, ‘வெண்ணெய்’ என்ற சொல்லை ‘ரொட்டி’க்குப் பின் கண்டால் விரைவாக அடையாளம் காண்கிறோமா என்பதுதான். விரைவாகக் காண்கிறோம் என்ற விடையிலிருந்து, மனத்தில் சொற்கள் ஒன்றோடொன்று தொடர்புபட்டுக் கிடக்கும் விதம் பற்றி அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்வுகள் வந்துகொண்டிருக்கின்றன.

திருகோணமலையில் சிறிய கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் பெருந்தொகையாக வாழும் மாவட்டம் இது. கேள்விகளை எழுதி மேசையில் பரப்பினோம். நான் அதிகம் விரும்பியது வினைமுற்றைப் பற்றியது. தமிழில் போகிறேன், போகிறாய், போகிறான், போகிறார்கள் என்று வினை எழுவாய்க்கு இசைந்து மாறும். பேச்சுச் சிங்களத்தில் நான் போனாலும் அவர்கள் போனாலும் ‘யனவா’ ஒன்றுதான். அப்படியானால், சிங்களத்தை முதன்மையாகப் பேசி வளர்ந்து தமிழும் நன்றாக அறிந்த ஒருவர், ‘அவர்கள் நேற்று வந்தான்’ என்ற பிழையான வாக்கியத்தை வாசிக்கும்போது தமிழரைப் போல அதே இடத்தில் தடுமாறுவாரா? வாக்கியத்தைச் சொல் சொல்லாகத் திரையில் காட்டி, வாசிப்பவர் விசையை அழுத்தி முன்னேறும் முறையில் இதை அளக்கலாம். மடிக்கணினி ஒன்று போதும். கந்தளாயிலும் திருகோணமலை நகரிலும் இதற்கு ஏற்ற ஆட்கள் இருக்கிறார்கள். எங்களூரில் யாராவது ஒருவர் இதை எடுக்க வேண்டும் என்று இன்றும் விரும்புகிறேன்.

ஆசிரியை அதை எடுக்கவில்லை. “சேர், என் பிள்ளைகளுக்குச் சிங்களம் பிறகுதான் வரும். இப்போது அவர்களுக்குச் சிக்கல் தமிழுக்கும் தமிழுக்கும் இடையில் இருக்கிறது” என்றார். அதற்கு மறுப்புச் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. ஐந்து வயது நிரம்பித் தரம் ஒன்றுக்கு வரும் பிள்ளை வீட்டில் ‘வாறான்’ என்று கேட்டு வளர்ந்திருக்கிறது. பாடநூல் ‘வருகிறான்’ என்கிறது. எழுத்தைக் கற்பதோடு, அது வரை அதிகம் கேட்டிராத வடிவங்களையும் பிள்ளை சேர்த்தே கற்க வேண்டியிருக்கிறது.

இதற்கு வெளியிலும் துணை உண்டு. எழுத்துக்கு ஒரு வடிவமும் வீட்டுப் பேச்சுக்கு வேறொரு வடிவமும் வழங்கும் இரட்டை வழக்கு பற்றி மொழியியலாளர் சார்ல்ஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரையில் விரிவாக எடுத்துக்கொண்ட நான்கு மொழிகளில் அரபும் ஒன்று. அந்த அரபுப் பிள்ளைகளிடம் எலினோர் சையெக்-ஹத்தாத் 2003இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டுப் பேச்சில் இல்லாத ஒலிகளைக் கையாள்வது பிள்ளைகளுக்குக் கூடுதல் கடினமாக இருப்பதைக் காட்டியது. தென்னாசிய எழுத்துகளின் பக்கம், சொனாலி நாக் 2007இல் கன்னடம் கற்கும் பிள்ளைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்துகள். நம்முடையது போன்ற உயிர்மெய் எழுத்து முறைகளில் குறிகள் நூற்றுக்கணக்கில் வருவதால், அவற்றைக் கற்று முடிக்கவே பிள்ளைகளுக்குச் சில ஆண்டுகள் பிடிக்கின்றன என்பது அதிலிருந்து தெரியவந்தது. தமிழின் 247 எழுத்துகளை முதலாண்டிலேயே முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படும் பெற்றோருக்கும் இது தெரிய வேண்டும்.

இவ்விரண்டையும் சேர்த்தால் கேள்வி கிடைத்தது: எழுத்து வடிவமும் வீட்டு வடிவமும் ஒன்றாக இருக்கும் சொல்லைவிட, இரண்டும் வேறுபடும் சொல்லை வாசிக்கத் தரம் 2, 3 பிள்ளைகளுக்கு அதிக நேரம் பிடிக்கிறதா?

மேற்பார்வையாளரைத் தேடியது

இதில் நீண்டுபோனது காலம்தான், சொல்ல அதிகமில்லை. அவர் முதலில் அனுப்பிய கடிதங்களில் தம் ஆர்வமும் பட்டங்களும் இருந்தன, கேள்வி இருக்கவில்லை. பதில்களும் வரவில்லை. பிறகு ஒரே பக்கத்தில் கேள்வி, அது ஏன் இன்னும் திறந்திருக்கிறது, எந்தப் பிள்ளைகள், என்ன சோதனை, எது நடந்தால் தம் ஊகம் பொய்யாகும் என்று எழுதி அனுப்பினார். அந்தப் பக்கத்துக்குப் பதில் வந்தது. மொழியியலாளர் ஒருவர் முதன்மை மேற்பார்வையாளரானார். சோதனை முறையும் புள்ளியியலும் தெரிந்த உளவியலாளர் ஒருவர் இணைந்தார். இந்த இருவரும் இல்லாமல் இத்துறையில் இறங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மொழியியலாளர் மட்டும் இருந்தால் சோதனை தளரும், உளவியலாளர் மட்டும் இருந்தால் தமிழ் தளரும்.

பதிவு முதுதத்துவமாணிக்கு (எம்.ஃபில்.). பட்டங்களை மட்டங்களாக வரிசைப்படுத்தும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் அது 11ஆம் மட்டம், கலாநிதி 12ஆம் மட்டம். முன்னேற்றத்தைக் காட்டிக் கலாநிதிக்கு மாறிக்கொள்ளும் வழி இருப்பதால், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு இது பாதுகாப்பான படிக்கட்டு.

சொற்பட்டியல்

அடிக்கடி காணும் சொல்லை எவரும் விரைவாக வாசிப்பர். ஆகவே எந்தச் சோதனையிலும் சொற்களின் வழக்கு எண்ணிக்கையை, அதாவது ஒவ்வொரு சொல்லும் எத்தனை தடவை வருகிறது என்பதை, சமன் செய்தே ஆக வேண்டும். ஆங்கிலத்துக்குப் பட உரையாடல்களிலிருந்து தொகுத்த எண்ணிக்கைகள் உண்டு. தமிழுக்கு இணையத்தில் எளிதில் கிடைப்பவை பெரும்பாலும் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களின் மொழியையும் விக்கிப்பீடியாவையும் சார்ந்தவை. அவற்றில் நாற்காலி வரும், கதிரை வராது. சமையலறை வரும், குசினி வராது. பீரோ வரும், அலுமாரி அரிதாக வரும். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற இச்சொற்கள்தாம் எங்கள் பிள்ளைகளின் அன்றாடச் சொற்கள்.

வேறுபாடு சொற்களோடு நிற்கவில்லை. தமிழ்நாட்டுப் பேச்சில் மரம் என்பதன் இறுதி ‘ம்’ மூக்கொலியாகக் கரைந்துவிடும், இங்கே அது தெளிவாக நிற்கும். ஆகவே அங்கே ‘வேறுபடும் சொல்’ என்ற கட்டத்தில் விழக்கூடிய மரம், திருகோணமலையில் ‘ஒத்த சொல்’ என்ற கட்டத்தில் விழுகிறது. சென்னையில் செய்த பட்டியலை இங்கே கொண்டுவந்தால் சோதனை முதல் சொல்லிலேயே சாய்ந்துவிடும்.

எனவே அவர் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் இலவசமாக வழங்கும் ஆரம்பப் பிரிவுப் பாடநூல்களை எடுத்துக்கொண்டார். மாகாணத்தின் எல்லாத் தமிழ்மொழிப் பாடசாலைகளிலும் பிள்ளைகள் கையில் இருப்பது அவைதாம். பழைய கோப்புகளிலிருந்து எழுத்தைப் பிரதி எடுத்தால் திரையில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியல் வந்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவற்றுக்கு இதுதான் கதி. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றி, கொம்புகள் சரியான இடத்தில் விழுந்தனவா என்று பக்கம் பக்கமாகச் சரிபார்க்க வேண்டியிருந்தது. பல வாரங்களைத் தின்ற வேலை. இதைச் செய்யாமல் கணினியை எண்ணச் சொன்னால் அது தவறாகவே எண்ணும்.

அடுத்து, எதை ஒரு சொல் என்று எண்ணுவது? வீடு, வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து என்று தமிழ்ச் சொல் விரிந்துகொண்டே போகும். அடிச்சொல்லுக்கு ஓர் எண்ணிக்கை, கண்ணில் படும் வடிவத்துக்கு ஓர் எண்ணிக்கை என இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்ள முடிவு செய்தோம். நீளத்திலும் இதே சிக்கல். ‘கொக்கு’ என்பதில் தமிழ் இலக்கணப்படி மூன்று எழுத்துகள். ஒலிகள் ஐந்து. ஒருங்குறியில் கணினி எண்ணுவது ஆறு குறியீடுகள். மென்பொருள் தரும் எண்ணை அப்படியே நீளமாக எடுத்துக்கொள்ளும் ஆய்வுகளை நம்ப எனக்கு மனம் வருவதில்லை. அவர் எழுத்து எண்ணிக்கையையும் ஒலி எண்ணிக்கையையும் கையால் பதிந்தார். கெ, கே, கை போன்றவற்றில் முதலில் கண்ணில் படும் குறிக்குரிய ஒலி பிறகுதான் வருகிறது. தேவநாகரியில் இத்தகைய முரண் வாசிப்பைப் பாதிப்பதாக வைத், குப்தா இருவரும் 2002இல் காட்டியிருப்பதால், கொம்பு உள்ள சொல், இல்லாத சொல் என்ற நிரலும் பட்டியலில் சேர்ந்தது.

உறவுப் பெயர்கள் தனிச் சிக்கல். அப்பா, அக்கா என்பவை எல்லாப் பிள்ளைகளுக்கும் பழகிய சொற்கள் என்று நகரத்துப் பட்டியல் எடுத்துக்கொள்ளும். கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் பிள்ளை வீட்டில் அழைப்பது வாப்பா, ராத்தா என்று. அவற்றைப் பட்டியலிலிருந்து முழுமையாக நீக்கினார். அத்தோடு, குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகும் பிள்ளைகள் வலமிருந்து இடமாக ஓடும் அரபெழுத்தையும் அதே வயதில் கற்கிறார்கள். பெற்றோர் நிரப்பும் வினாக்கொத்தில் அதற்கும் ஒரு வரி சேர்த்தார்.

முதல் திட்டத்தில் மூன்று வகைச் சொற்கள் இருந்தன. கடல், மீன், பால் போல ஒத்தவை. மூன்று, கன்று, வருகிறான் போல வடிவம் மாறுபவை. அருந்துதல், உறங்குதல் போல வீட்டில் அரிதாகக் கேட்பவை. மூன்றாம் வகையை முதன்மை ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிட வேண்டியிருந்தது. வீட்டில் கேட்காத சொல் புத்தகத்திலும் குறைவாகவே வருகிறது. பிள்ளை தடுமாறினால் அது வீட்டுப் பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரத்தினாலா, சொல் அரிதாக இருப்பதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ‘மூன்று’ அப்படியன்று. எழுத்திலும் பேச்சிலும் நாள்தோறும் வரும் சொல் அது, மாறுவது வடிவம் மட்டும். ஆய்வின் முழுப் பாரத்தையும் இந்த இரண்டாம் வகைதான் தாங்குகிறது.

சரியா, பிழையா

முன்னோட்டச் சோதனையை அவர் தம் பாடசாலைக்கு வெளியே, தெரிந்த குடும்பங்களின் சில பிள்ளைகளோடு நடத்தினார். திரையில் ‘மூன்று’ என்று வந்தது. ஒரு பிள்ளை தயங்காமல் ‘மூண்டு’ என்று வாசித்தது. வேறு சில பிள்ளைகளும் இடையிடையே இதையே செய்தார்கள். ‘கன்று’ வந்தபோது ‘கண்டு’ என்றார்கள்.

பதிவுத் தாளில் இரண்டே கட்டங்கள் இருந்தன, சரி, பிழை. வகுப்பறைப் பழக்கப்படி இது பிழை. நாங்கள் அதிகம் பேசியது இந்த இடத்தைப் பற்றித்தான். எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசிக்கும் பிள்ளையிடமிருந்து ‘மூண்டு’ வர வழியே இல்லை. எழுத்து ‘ன்று’ என்றிருக்க வாய் ‘ண்டு’ என்றால், அந்தப் பிள்ளை எழுத்தைக் கடந்து சொல்லைப் பிடித்து, பொருளறிந்து, தன் வீட்டு வடிவத்தை வெளியே எடுத்திருக்கிறது. திக்கித் திக்கி ‘மூ… ன்… று’ என்று சொல்லிச் ‘சரி’ வாங்கிய பிள்ளையைவிட இந்தப் பிள்ளை வாசிப்பில் ஒரு படி முன்னே நிற்கக்கூடும். பாடசாலை சிவப்பு மையால் அடிக்கும் இந்த மறுமொழியில்தான், நாங்கள் தேடிய மனத்தொழிற்பாடு கண்ணுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு தாளில் கட்டங்கள் கூடின: எழுத்து வடிவம், வீட்டு வடிவம், வேறு சொல், எழுத்துக்கூட்டி நின்றது, மறுமொழி இல்லை. எந்தப் பிள்ளை, எந்த வகைச் சொல்லில், எந்தத் தரத்தில் வீட்டு வடிவத்தைத் தருகிறது என்பது தனி அத்தியாயமாக வளர்ந்தது. நேரத்தை அளக்கும் கேள்வி பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் ஆய்வின் நடுநாயகம் இப்போது இதுதான். இந்த மாற்றத்தை மேற்பார்வையாளர்கள் உடனே ஏற்றுக்கொண்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

கருவியும் எண்ணிக்கையும்

கருவிச் செலவு மிகச் சிறியது. சொற்களைக் காட்டச் சைக்கோபை என்ற இலவச மென்பொருள், குரலைப் பதிய ஓர் ஒலிவாங்கி, பதிவில் குரல் தொடங்கும் இடத்தைக் குறிக்க ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான பிராட் என்ற மென்பொருள். கொம்புகள் இடம் மாறித் தெரியும் சிக்கலைத் தவிர்க்க ஒவ்வொரு சொல்லையும் படமாக்கிவிட்டார். குரல் கேட்டதும் தானாக நேரத்தை நிறுத்தும் ஏற்பாட்டை வேண்டாம் என்றோம். மின்விசிறியும் காகமும் கடற்காற்றும் உள்ள வகுப்பறையில் அது எதற்கெல்லாமோ நின்றுவிடும். கையால் குறிப்பது அலுப்பான வேலை, ஆனால் நம்பகமானது.

எத்தனை பிள்ளைகள், எத்தனை சொற்கள்? பிரைஸ்பேர்ட், ஸ்டீவன்ஸ் இருவரும் 2018இல் எழுதிய வழிகாட்டி, மறுமொழி நேர ஆய்வுகளில் ஒப்பிடும் ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது 1,600 அவதானிப்புகள் வேண்டும் என்கிறது. நாற்பது பேர், நாற்பது சொற்கள் என்றால் அந்தக் கணக்கு வரும். பிள்ளைகளின் நேரங்கள் பெரியவர்களுடையதைவிட அதிகம் சிதறுபவை, ஆகவே அதற்கும் மேலே வைத்தார். ஒரே அமர்வில் முடிக்கப் பார்த்தால் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள் என்பதால் இரண்டு நாட்களாகப் பிரித்தார். பகுப்பாய்வில், பிள்ளைகளைப் போலவே சொற்களும் ஒரு பெருந்தொகையிலிருந்து எடுத்த சிலவே. 1973இல் ஹெர்பர்ட் கிளார்க் எடுத்துக்காட்டிய இக்கருத்துக்கு இன்று, பிள்ளைகளின் வேறுபாட்டையும் சொற்களின் வேறுபாட்டையும் ஒருசேரக் கணக்கிடும் கலப்பு விளைவு மாதிரிகள் என்ற புள்ளியியல் முறை விடை தருகிறது. ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் அதைக் கற்க அவருக்கு ஓராண்டின் வார இறுதிகள் தேவைப்பட்டன. தமிழ்த்துறையிலிருந்து வருகிறவர்கள் இந்த ஓராண்டை முன்கூட்டியே ஒதுக்கிவைக்க வேண்டும்.

அனுமதி

ஆய்வு நெறிக் குழுவின் ஒப்புதல், வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி, அதிபரின் இசைவு, பெற்றோரின் கையெழுத்து என்ற வரிசையில் எதையும் முந்த முடியாது. நெறிக் குழு கேட்ட கேள்விகளில் ஒன்று ஆய்வையே இடம் மாற்றியது: உங்கள் வகுப்புப் பிள்ளை உங்களிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியுமா? முடியாது. மறுநாள் அதே ஆசிரியைக்கு முன்தானே பிள்ளை உட்கார வேண்டும். ஆகவே அவர் கற்பிக்கும் பாடசாலை முழுமையாக விலக்கப்பட்டது. கிண்ணியா, மூதூர், நகரம் ஆகிய இடங்களிலுள்ள வேறு பாடசாலைகளைத் தேர்ந்தெடுத்தார். பெற்றோரின் கையெழுத்துக்குப் பிறகும் பிள்ளையிடம் தனியே கேட்பார். தலையசைக்காத பிள்ளையை வற்புறுத்துவதில்லை. புள்ளி இல்லை, பெயர் எழுதுவதில்லை, யார் நன்றாக வாசித்தார் என்று வகுப்பாசிரியருக்குச் சொல்வதும் இல்லை.

இன்றைய நிலை

சொற்பட்டியல் முடிந்துவிட்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் பாடநூல் எண்ணிக்கை, எழுத்து நீளம், ஒலி நீளம், கொம்பு, வீட்டு வடிவம், அச்சொல் எவ்வளவு பழகியது என்று மாவட்டத்தின் பெரியவர்கள் கொடுத்த மதிப்பு ஆகியவை அதில் இருக்கின்றன. இதை முன்னுரைக்குள் ஒளித்துவிடாமல் தனி அத்தியாயமாக வைத்து, தரவுக் கோப்பைப் பொதுவில் இலவசமாக வெளியிடுவது என்று முடிவாகியிருக்கிறது. கலாநிதிக்கு மாறும் விண்ணப்பத்தில் அவர் முதலாவதாக முன்வைப்பதும் இதையே.

முதன்மைச் சோதனை வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த பிறகு தொடங்கும். தகரக் கூரையில் மழை விழும்போது எந்த ஒலிவாங்கியாலும் பிள்ளையின் குரலைப் பிடிக்க முடியாது. அதற்கிடையில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் ஆகிய இடங்களின் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களிடம் அவர் ஓர் உதவி கேட்கிறார்: இதே சொற்களுக்குத் தங்கள் ஊர்ப் பிள்ளைகளின் வீட்டு வடிவத்தை எழுதித் தர வேண்டும். மலையகத்தில் ‘மூணு’ என்று வரும் நிரலும் நிரம்பினால், பட்டியல் ஒரு மாவட்டத்துக்கு மட்டும் உரியதாக இராது.